துவைத்த உடம்பும் துவையாத கரையும்

கொல்லம் ஆண்டு 1008 மாசி 20ஆம் நாள் திருச்செந்தூர்க் கடலில் அய்யா வைகுண்டர் அவதரித்தார். அந்நாளை நினைந்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து அன்புக்கொடி மக்களும் வேன் பிடித்துப் போகிறார்கள். கடலில் நீராடி, அவதாரப்பதியில் வணங்கி, திருநாமம் இட்டுத் திரும்புகிறார்கள். அவர்கள் எழுந்துபோன கரையில் ஷாம்பு உறையும் தண்ணீர்ப் பாட்டிலும் சாப்பிட்ட தட்டும் கிடப்பதுண்டு. உடம்பு சுத்தமாயிற்று, கரை அழுக்காயிற்று. இப்படிக் குளித்தவர் தூய்மை அடைந்தவரா?

வாகைப்பதியில் எழுநூறு குடும்பத்தார் துவையல் தவசு இருந்தார்கள். உடம்பையும் துணியையும் மனதையும் அழுக்கிலிருந்து விடுவிப்பது அந்தத் தவசு. தன் அழுக்கை வேறோர் இடத்தில் தள்ளிவிடுவது தவசு ஆகாது.

“குப்பைத்தொட்டி இல்லையே, எல்லாரும்தானே போடுகிறார்கள்” என்பார் சிலர். அவரே முத்திரிக் கிணற்றடியில் ஒரு காகிதமும் போடமாட்டார். ஆகவே இது தெரியாமல் செய்வதல்ல. கிணறு அய்யாவுடையது, கடற்கரை யாருடையதும் அல்ல என்ற எண்ணமே காரணம். அய்யா அவதரித்த கடல் அய்யாவுடையது அல்லவா?

ஊர்ப்பக்கம் அய்யனார் கோவில் ஆற்றிலும் செண்பகத்தோப்பு ஓடையிலும் இதே நிலைதான். ஆறு அடித்துக்கொண்டு போய்விடும் என்கிறார்கள். எங்கே போகும்? அய்யனார் கோவில் ஆற்றுத் தண்ணீரை ராஜபாளையம் குடிக்கிறது. அந்த மலை 1988 முதல் சாம்பல் நிற அணில்களின் சரணாலயம், 2021 முதல் புலிகள் காப்பகமும்கூட. அங்கே மான், உப்பு ருசிக்காகப் பையையும் சேர்த்துத் தின்கிறது. கடலில் ஆமை, பையைச் சொறிமீன் என்று விழுங்குகிறது.

நலிந்தவரைக் காப்பதே தர்மம் என்று போதித்தார் அய்யா. வாயில்லா ஜீவனும் நலிந்ததே. விடியுமுன் குனிந்து குப்பை பொறுக்கும் துப்புரவுத் தொழிலாளியும் நலிந்தவரே. அன்னதர்மம் செய்த கை அவர் முதுகில் பாரம் ஏற்றலாமா?

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பை, கப், தட்டு முதலியவற்றை அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. அபராதத்துக்கு அஞ்சி நடப்பது பயம். யாரும் பாராத இடத்திலும் நடப்பது தர்மம். பள்ளியறைக் கண்ணாடியில் தெரிவது அவரவர் முகம்தானே!

அடுத்த பயணத்தில் மஞ்சப்பையும் எவர்சில்வர் டம்ளரும் எடுத்துச் செல்லுங்கள். வேனில் ஒரு காலிச் சாக்கு இருக்கட்டும். கிளம்புமுன் பெரியவர்கள் முதலில் குனிந்து எடுங்கள். பிள்ளைகள் பார்த்துத் தாமே கற்பார்கள்.

அய்யா உண்டு.