வலைக்கு முன்னால்

1

வீட்டுப் பயிற்சி வலை மடித்தால் தோள்பையில் அடங்கிவிடுகிறது. உறையைத் திறந்தால் ஒன்றுக்குள் ஒன்று செருகும் குழாய்கள், ஒரு சுருட்டு வலை, மூலைகளில் மாட்ட ரப்பர் நாடாக்கள். மொட்டை மாடியில் சற்று நேரத்தில் எழுந்து நின்றுவிடும். காலையில் அண்ணன் அதன் முன்னால் மட்டையைச் சுழற்றுகிறான். மாலையில் தங்கை கால்பந்தை உதைக்கிறாள். மைதானம் தூரமாகிப்போன ஊர்களில் இது சின்ன விஷயம் இல்லை.

2

பயிற்சி வலையைத் தளர்வாகத் தொங்கவிட வேண்டும். விறைப்பாகக் கட்டினால் பந்து அடித்தவர் மேலேயே திரும்பிப் பாயும். தளர்ந்த வலையில் பந்து பட்ட இடம் பின்பக்கமாக உப்புகிறது. பந்து அந்த மடிப்புக்குள் கொஞ்ச தூரம் போய், வேகம் தீர்ந்து, வலையை ஒட்டியே வழுக்கித் தரைக்கு வருகிறது. நிற்பதற்குக் கிடைக்கும் தூரம் கூடக் கூட, தாக்கும் விசை குறைகிறது. ஆகவே வலைக்கும் சுவருக்கும் நடுவே தாராளமாக இடம் விட வேண்டும்.

3

எல்லா ஆட்டத்துக்கும் ஒரே வலை என்று வாங்கும்போது, வலைக்கண்ணின் அளவைப் பார்க்க வேண்டும். கிரிக்கெட் பந்தின் குறுக்களவு ஏறக்குறைய 7 செ.மீ.; எடை 160 கிராம் அளவு. கோல்ஃப் பந்துக்கு எடை 46 கிராமுக்குள்தான், குறுக்களவு 42.67 மி.மீ. கனமான பந்தைத் தாங்கும் 50 மி.மீ. கண் வலைக்குள் சின்னப் பந்து புகுந்து போய்விடும். ஆடப்போகும் பந்துகளில் எது மிகச் சிறியதோ, அதற்கேற்ற கண் வேண்டும். எது மிகக் கனமானதோ, அதற்கேற்ற நூல் வேண்டும்.

4

வலைக்கு முன்னால் அடித்த பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியதா, பிடிபட்டதா என்று தெரியாது. கைதட்டல் இல்லை, ஓட்டக் கணக்கும் இல்லை. மிஞ்சுவது அடித்த கணம் ஒன்றுதான். மட்டையின் நடுவில் பட்டால் ஒரு சத்தம்; ஓரத்தில் பட்டால் வேறு சத்தம், விரல்களில் ஓர் அதிர்வு. பலன் கண்ணில் படாதபோது கவனம் தானாகவே உடலுக்குத் திரும்புகிறது: தலை அசைந்ததா, முன்னங்கால் சரியான இடத்தில் ஊன்றியதா, மூச்சை அடக்கியிருந்தோமா. இந்தக் கவனத்துக்காகவே நான் வலையை நேசிக்கிறேன்.

5

ஆஸ்திரேலியாவின் பௌரல் ஊரில் சிறுவன் டான் பிராட்மன் தனியாகவே ஆடினார். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் செங்கல் பீடத்தில் கோல்ஃப் பந்தை எறிவார். அது தாறுமாறாகத் திரும்பி வரும்போது கிரிக்கெட் ஸ்டம்பால் அடிப்பார். பின்னாளில் 52 டெஸ்ட்களில் அவருடைய சராசரி 99.94. அந்தச் செங்கல் பீடம் செய்த வேலையை இன்று ரீபவுண்டர் வலை செய்கிறது. அதை மட்டும் வேண்டுமென்றே விறைப்பாக, சாய்வாகக் கட்டுகிறார்கள். எறிந்த பந்தைத் திருப்பித் தரும். ஸ்லிப்பில் நிற்பவர்கள் இதில் கேட்ச் பழகுகிறார்கள்.

6

வலை தராதவையும் உண்டு. பந்துவீச்சாளரின் மணிக்கட்டை அது காட்டாது. இடைவெளி பார்த்து அடிக்கக் கற்றுத்தராது. தோழன் ஓடி வரும் திசையைச் சொல்லாது. இவற்றுக்கு ஆட்களும் மண்ணும் வேண்டும். வீட்டு வலையில் படிந்த பழக்கம் மைதானத்தில்தான் சோதிக்கப்படுகிறது.

7

வீட்டில் விளையாட ஆசைப்படும் பிள்ளை இருந்தால் ஒரு வலை கட்டிக்கொடுங்கள். குழாய்களின் அடியில் மணல் மூட்டை வையுங்கள். வெயிலில் நூல் இற்றிருக்கிறதா என்று அவ்வப்போது இழுத்துப் பாருங்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது அந்தப் பிள்ளையை மைதானத்துக்கும் அழைத்துப் போங்கள்.