வேண்டாதது தர்மமாகுமா?

வீட்டு மூலையில் உறங்கும் பழைய கணினியை ஏழைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டால் தர்மமாகிவிடுமா? ஓடாததைக் கொடுப்பது நம் குப்பையை அடுத்த வீட்டுக்கு மாற்றுவதேயன்றோ?

விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரலில் நின்றது. ஆயினும் அக்காலக் கணினிகள் வீணல்ல. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் சிறு வகையான டைனி கோர், 46 மெகாபைட் நினைவகத்திலும் இயங்கும். 128 இருந்தால் நலம். குறுந்தட்டில் பதிந்து, முதலில் அதிலிருந்தே ஓட்டிப் பார்த்துப் பின்னர் நிறுவலாம்.

தட்டச்சுப் பழக அது போதும். இன்றைய இணையப் பக்கங்களுக்குப் போதாது. அக்குறையையும் மறைக்காமல் சொல்லிக் கொடுப்போம். உழைத்துச் சீராக்கிய பின் கொடுப்பதே ஈகை. அதுவரை அது வெறும் கழிப்பே.