சிக்கனத்தின் எல்லை

ஒரு பொருளை உடையவன் அதனைப் பேணும் கடமையையும் உடன் பெறுகிறான். கைப்பொருள் குறைந்தவன் அக்கடமையைத் தன் கையாலேயே ஆற்ற முற்படுவது இயல்பு, பாராட்டத்தக்கதும் ஆகும். ஆயின், அக்கை எதுவரை செல்லலாம்? எவ்விடத்தில் நின்றுவிட வேண்டும்? எளிதாகத் தோன்றும் இஃது அறத்தின்பாற்பட்ட வினாவே.

மலேசிய அரசு 2011 முதல் 2013 இறுதிவரை, 2,000 சி.சி.க்கு உட்பட்ட ஹைப்ரிட் கார்களுக்கு இறக்குமதி வரியையும் கலால் வரியையும் முழுமையாக விலக்கியது. டொயோட்டா பிரியஸ், ஹோண்டா இன்சைட் போன்ற கார்களின் விலை அதனால் குறைந்தது. அன்று வாங்கப்பட்டவை இன்று பத்தாண்டைக் கடந்து முதுமையெய்திவிட்டன. பழைய காரின் விலை குறையும். அதனைப் பேணும் செலவு குறையாது. குறைந்த வருவாயில் அதனை வாங்கியவரின் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது.

ஆயர் ஈத்தாம் மக்களுக்கு இக்காரின் தத்துவம் புதியதன்று. அங்கிருந்து பினாங்குக் கொடிமலைக்கு 1923இல் ஓடத் தொடங்கிய மலை இரயிலில், ஒரே வடத்தில் பிணைந்த இரு பெட்டிகளுள் இறங்குவதன் எடை ஏறுவதற்குத் துணையாகிறது. ஹைப்ரிட் காரும் அவ்வாறே. ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுச் சாலையில் இறங்குகையில், வெப்பமாக வீணாகக்கூடிய விசையின் ஒரு பகுதியை மின்னாற்றலாக்கிச் சேமிக்கிறது. ஏறுகையில் அதனைச் செலவிடுகிறது. சிக்கனமே அதன் பிறவிக்குணம் எனலாம்.

அத்தகைய காரைச் சிக்கனமாகப் பேணுதற்கு உரிமையாளன் செய்யத்தக்க பணிகள் பல உள. பிரியஸ் காரில் பின்னிருக்கையின் பக்கத்தே உள்ள காற்றுத் துளை வழியாகவே பெரிய மின்கலம் குளிர்ச்சி பெறுகிறது. அத்துளையைத் தூசி அடைத்தால் மின்கலம் சூடேறி ஆயுள் குன்றும். அதனைத் துடைத்து வைக்கச் செலவு ஏதும் இல்லை. கருத்து ஒன்றே வேண்டும். எஞ்சின் எண்ணெய் மாற்றுதல், காற்று வடிகட்டியைத் தூய்மை செய்தல், குளிர்நீரின் அளவைக் கண்காணித்தல் ஆகியனவும் பழகிய கைக்கு இயல்வனவே.

அப்பால் ஓர் எல்லை வரையப்பட்டுள்ளது. உயர் மின்னழுத்தக் கம்பிகள் செம்மஞ்சள் உறையிட்டவை. மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் மின்கலத் தொகுதியில் 28 பகுதிகள் தொடராக இணைந்து 200 வோல்ட்டுக்குச் சற்று மிகுந்த மின்னழுத்தத்தைத் தருகின்றன. அது மோட்டாருக்குச் செல்லுமுன் 650 வோல்ட் வரை உயர்த்தப்படுகிறது. காரை நிறுத்திய பின்னும் உள்ளே மின்னாற்றல் எஞ்சி நிற்கும். பயின்ற தொழிலாளரே மின்காப்புக் கையுறை அணிந்து, பாதுகாப்பு இணைப்பைக் கழற்றி, பத்து நிமிடம் காத்திருந்த பின்னரே அதனைத் தொடுவர்.

“கார் என்னுடையது, உயிரும் என்னுடையது, தீங்கு நேரின் எனக்கன்றோ?” என்று ஒருவன் வாதிடலாம். அவ்வாதம் நிலைபெறாது. அம்மின்கலம் இருப்பது பின்னிருக்கைக்குப் பின்னால். அவ்விருக்கையில் அமர்வது அவன் குழந்தை. மலைச்சாலை வளைவில் எதிரே வருபவனும் அவனது பழுதுபார்ப்பை நம்பியே வருகிறான். இடரைப் பிறர்மேல் ஏற்றிப் பணத்தை மீப்பது சிக்கனமாகாது. பிறர் பொருளைச் செலவிடுதலே ஆகும்.

இதனினும் நுண்ணிய சோதனை ஒன்று உண்டு. நலிந்த பகுதியை மட்டும் மாற்றினால் கார் மீண்டும் ஓடும். ஏனைய பகுதிகளும் ஒத்த வயதினவாதலின் விரைவில் நலியக்கூடும். இதனை அறிந்தே தன் பயன்பாட்டிற்காக ஒருவன் அவ்வாறு செய்விப்பின் குற்றமில்லை. எச்சரிக்கை விளக்கை அணையச் செய்து, உண்மையை மறைத்து, தன்னினும் எளியவனுக்கு அதனை விற்பானாயின், அச்செயலே வஞ்சனையாகிவிடுகிறது. பழுதுபார்த்தல் ஒன்றே; வாய்மை நீங்கியதும் அதன் பெயர் மாறிவிடுகிறது.

திருக்குறளின் 48ஆம் அதிகாரமாகிய வலியறிதல், தன் வலிமையின் அளவை அறிதலையும் செல்வத்தின் அளவறிந்து வாழ்தலையும் ஒருங்கே பேசுகிறது. இவ்விரண்டும் ஓரிடத்தில் அமைந்தமை எண்ணத்தக்கது. தூசியைத் தானே துடைத்து மீத்த வெள்ளியை, தன் கைக்கு எட்டாத பணிக்குத் தேர்ந்த தொழிலாளியிடம் மனமுவந்து கொடுப்பவனே இரண்டு அளவுகளையும் அறிந்தவன். அவனது பழைய கார் அவனுக்கும் ஊருக்கும் தீங்கின்றி ஓடும்.