பிள்ளையின் கண் இமையைத் திறந்து பாருங்கள்!



ஒருநாள் மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்தில் வீட்டுக்கூட்டம் முடிந்ததும், ஒரு சகோதரி தன் மூன்று வயது மகனைத் தூக்கி வந்தார்கள். "பாஸ்டர் ஐயா, காய்ச்சல் விட்டு ஒரு வாரமாச்சு. இப்ப கண்ணு மஞ்சளாயிடுச்சு. காமாலைன்னு கீழாநெல்லி கொடுக்கிறோம், ஜெபம் பண்ணுங்க" என்றார்கள். தலையில் கைவைத்து ஜெபித்தேன். பிள்ளையின் உதடு வெளுத்திருந்ததைக் கண்டும் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். அது என் தப்பு.

மூன்றாம் நாள் பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "இது ஈரல் காமாலை இல்லை, இரத்தம் உடைகிற காமாலை" என்றார் டாக்டர்.

பிரியமானவர்களே, சிவப்பணு ஒன்று சுமார் 120 நாள் உயிரோடிருக்கும். சில பிள்ளைகளுக்கு, பலமுறை ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பின், நோயை எதிர்க்க வேண்டிய சக்தியே சொந்த சிவப்பணுக்கள்மேல் ஒட்டிக்கொண்டு அவற்றை அழித்துவிடுகிறது. அபூர்வமான வியாதிதான். ஆனால் சில நாட்களுக்குள் உயிருக்கே ஆபத்தாகலாம்.

சாதாரணக் காமாலையிலும் கண் மஞ்சளாகும், சிறுநீர் டீ டிகாக்ஷன் மாதிரி ஆகும். கூடவே இமையின் உட்புறமும் உள்ளங்கையும் வெளுத்து, நெஞ்சு படபடத்து, பிள்ளை துவண்டால் ஒருநாளும் காத்திருக்காதீர்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஹீமோகுளோபின், பிலிருபின், ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை பார்ப்பார்கள். இரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். கூம்ஸ் டெஸ்டும் எடுப்பார்கள். 1945-ல் கூம்ஸ், மோரன்ட், ரேஸ் என்ற மூவர் வெளியிட்ட சோதனை அது. சிவப்பணுக்கள்மேல் எதிர்ப்புப் பொருள் ஒட்டியிருந்தால், சோதனை மருந்து பட்டதும் அவை கட்டிகட்டியாகச் சேர்ந்துகொள்ளும். மறைந்திருந்த சத்துரு வெளிப்பட்டுவிடுவான்!

பிறகு ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள். "ஜெபிச்சாச்சு, சுகமாயிடுச்சு" என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் சொல்லுகிறபடியே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போவது அவிசுவாசமா? கொலோசெயர் 4-ம் அதிகாரத்தில் பவுல் லூக்காவை வைத்தியன் என்றே பாசத்தோடு குறிப்பிடுகிறார். அந்த வைத்தியன்தான் சுவிசேஷமும் எழுதினார்.

அந்தப் பிள்ளை இன்று ஓய்வுநாள் பள்ளியில் பாடுகிறான். கர்த்தருக்கே மகிமை! அதற்குப் பிறகு வியாதிப்பட்ட பிள்ளைக்காக ஜெபிக்கும்போதெல்லாம், முதலில் அதன் இமையைக் கீழே இழுத்துப் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள். ஜெபித்துக்கொண்டே பஸ் ஏறுங்கள். ஆமென், அல்லேலூயா!