உழைத்த பாம்பும் மிரட்டும் பாம்பும்

மேடவாக்கம் கூட்டுச்சாலையிலே விரையும் மக்களைப் பாருங்கள், தோழர்களே! ஒவ்வொருவர் கையிலும் நொடி பிசகாது காலங்காட்டும் கைப்பேசி. ஆனால் அதே கை, புதுவீட்டுக்கு முன்பணம் கொடுக்குமுன் சுவரிலே தொங்கும் நாட்காட்டியைத் தேடுகிறது. ராகுகாலம் கழியட்டுமென்று ஒன்றரை மணி நேரம் ஒடுங்கிக் கிடக்கிறது. காலத்தை அளக்கும் கருவி கையிலே. காலத்தைக் கண்டு நடுங்கும் அச்சம் நெஞ்சிலே! ஏன் இந்த முரண்பாடு?

காலத்தை அளக்கத் தெரியாதவர்களா நாம்? அல்ல. பாசறையில் வேந்தனுக்கு நீர்க்கருவியால் பொழுதளந்து உரைத்தோரை முல்லைப்பாட்டு காட்டுகிறது. அடியில் நுண்துளையிட்ட வட்டிலை நீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து மூழ்கும் நேரத்தை நாழிகை எனக் கொள்ளும் முறை இந்நாட்டில் நெடுங்காலம் வழங்கிற்று. நாழிகைக்கு 24 நிமிடம்; நாளுக்கு 60 நாழிகை. அந்தக் கணக்கிலே ராகுவுக்கு இடமில்லை. துளையின் அளவுக்கும் நீரின் இயல்புக்குமே இடமுண்டு.

அதே வகை வட்டிலை வேறோர் இடத்திலும் காண்கிறோம். இன்று துருக்கியிலுள்ள தியார்பக்கிரில், அர்த்துக்கிய அரசர்களிடம் பணிபுரிந்த அல்-ஜஸரி என்னும் பொறியாளர், தாம் செய்த பொறிகளை விளக்கி 1206-இல் ஒரு நூலை முடித்தார். அதிலுள்ள யானைக் கடிகாரத்தின் வயிற்றிலே நீர்த்தொட்டி. தொட்டியிலே துளை வட்டில்! அரை மணிக்கொருமுறை அது மூழ்கும். மூழ்குகையில் கயிற்றை இழுக்கும். மேலிருந்து உருண்டை ஒன்று பாம்புருவின் வாயில் விழும். எடையால் பாம்பு தாழும். தாழ்ந்த பாம்பு வட்டிலை மீண்டும் தூக்கி நிறுத்தும். பாகனுருவம் தட்டி ஒலியெழுப்பும்.

அங்கே பாம்பு உழைத்தது. இங்கோ, பகலை எட்டுக் கூறாக்கி, ஒரு கூற்றை ராகு என்னும் பாம்புக்குப் பட்டா எழுதிக் கொடுத்தனர்!

அங்கேயும் மதம் இருந்தது, மன்னன் இருந்தான், பொறிகள் பல அரண்மனை வேடிக்கைக்கே பயன்பட்டன. ஆகவே ஒரு மதத்தை உயர்த்த இதைக் கூறவில்லை. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. அல்-ஜஸரி உளி பிடித்தார். அதே கையால் ஏடும் எழுதினார். தமாஸ்கசின் நீர்க்கடிகாரம் பழுதுற்றபோது அதனைச் சீர்ப்படுத்தி, 1203-இல் அதுபற்றி நூல் எழுதிய ரித்வான் ஒரு மருத்துவர். கருவி தொட்டதால் அவர் பெருமை குன்றவில்லை. இங்கே வருணம் என்ன செய்தது? ஏடு பிடித்த கையை மேல் என்றது. உளி பிடித்த கையைக் கீழ் என்றது.

இது வெறும் பிழையா? இல்லை, அறக்கேடு என்பேன். துளையைச் சற்றே பெருக்கினால் வட்டில் விரைந்து மூழ்கும், நாழிகை சுருங்கும் என்பதைத் தன் கையால் கண்டவன், நாழிகைக்குள் பாம்பைத் தேடுவானா? அவனைப் பேசவிடாது தாழ்த்தினர்; செய்தறியாதவன் சொல்லைச் சட்டமாக்கினர். அந்த இடைவெளியிலேதான் அச்சம் குடியேறிற்று. உழைப்பவனை இழிவுபடுத்தும் சமுதாயம் அவனுடைய ஐயத்தையும் அறிவையும் சேர்த்தே இழக்கிறது.

இளைஞனே! ஒரு தகரக் குவளை, ஓர் ஆணி, ஒரு வாளித் தண்ணீர் போதும். உன் தெருப் பிள்ளைகளை அழைத்துத் துளையிடச் சொல். மூழ்கும் நேரத்தை எண்ணச் சொல். ராகுகாலத்திலேயே அதைத் தொடங்கு! குவளை எப்போதும்போல் மூழ்கும். பிள்ளைகளின் அச்சமும் அதனோடு மூழ்கட்டும்.