இவ்வளவு இடம், இவ்வளவு நேரம்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் செப்டம்பர் 1 வந்தால் தெருவெங்கும் லாரிகள். கல்வியாண்டையொட்டி மிகப் பல வாடகை ஒப்பந்தங்கள் அன்றுதான் தொடங்குகின்றன. வீட்டு வாசலில் லாரிக்கு இடம் வேண்டுபவர் மாநகராட்சியிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். எந்த நாள், எந்த நேரம் என்று குறித்த அறிவிப்பைக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே தெருவில் வைக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் தங்கள் வண்டியை எடுத்துக்கொள்ள அந்த அவகாசம்.

இது நகராட்சிச் சட்டம்தான். ஆனால் இதன் அடியில் மிகப் பழைய அறக்கேள்வி ஒன்று இருக்கிறது. எல்லோருக்கும் பொதுவான இடத்தை ஒருவர் தன் தேவைக்காக எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளலாம்?

சமணம் இதைக் கள்ளாமை என்னும் விரதத்தின் கீழ் வைத்துப் பேசியது. துறவி ஓரிடத்தில் தங்க விரும்பினால் யோசித்துக் கேட்க வேண்டும், குறைந்த இடமே கேட்க வேண்டும், எத்தனை நாள் என்பதையும் வரையறுக்க வேண்டும் என்கிறது சுவேதாம்பரப் பிரிவினரின் ஆசாராங்க சூத்திரம். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரத்தில் திகம்பரப் பிரிவினர் போற்றும் பாடம், அதே விரதத்தைக் காக்கும் ஐந்து பயிற்சிகளில் ஒன்றாகப் பிறருக்குத் தடையாக இராமையைச் சொல்கிறது. அதாவது, பொருளை எடுப்பது மட்டும் களவன்று. கேளாமல் இடத்தை அடைத்துக்கொள்வதும் களவின் பக்கம்தான்.

தமிழ்நாட்டில் இதற்குக் கல்லிலேயே தடயம் உண்டு. கரூர் அருகே புகளூர் ஆறுநாட்டார் மலைக் குகையில், சேர இளவரசன் இளங்கடுங்கோ ஒரு சமணத் துறவிக்குக் கல் படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தி தமிழ்ப் பிராமியில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு மனிதர் படுக்கும் அளவே கொண்ட இடம். அதையும் கொடுத்தவர் பெயரோடு எழுதி வைத்தார்கள்.

யூதர்களின் சமய நூலான தால்முதில் ஒரு கதை வருகிறது. ஒருவர் தன் நிலத்துக் கற்களைப் பொறுக்கிப் பொதுவழியில் எறிந்துகொண்டிருந்தார். அவ்வழியே வந்த சான்றோர், "உனக்குச் சொந்தமில்லாத இடத்திலிருந்து எடுத்து, உனக்குச் சொந்தமான இடத்தில் ஏன் போடுகிறாய்?" என்ற கருத்தில் கேட்டார். அந்த மனிதர் சிரித்தார். பின்னாளில் நிலத்தை விற்க நேர்ந்தது. அதே வழியில் நடந்தபோது தான் எறிந்த கல்லே காலை இடறியது. அப்போதுதான் கேள்வி புரிந்தது. வீடு கைமாறும், தெரு கடைசிவரை நம்முடையது.

இஸ்லாமிய மரபில், வழியில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின், அதாவது இறைநம்பிக்கையின், கிளைகளில் ஒன்று. பிறர் இல்லத்துள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லிய பிறகே நுழைய வேண்டும் என்கிறது குர்ஆன்.

'நானும் வரி கட்டுகிறேன், பராமரிப்புத் தொகை கட்டுகிறேன். யாரிடம் கேட்க வேண்டும்?' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் கட்டியது போலவே மற்றவர்களும் கட்டியிருக்கிறார்கள். பொதுவில் ஒருவருக்கு உள்ள பங்கு, எல்லோரையும் போலப் போய்வரும் உரிமை. நாலு மணி நேரம் அடைத்து நிற்பது அந்தப் பங்கை மீறியது. மீறும் இடத்தில் மற்றப் பங்குதாரர்களின் சம்மதம் வேண்டும்.

சென்னை அடுக்ககங்களில் இந்தக் கேள்வி பஞ்சாங்கத்தோடு மோதுகிறது. ஆடி, மார்கழி தவிர்த்து, ராகு காலம், எமகண்டம் பார்த்துப் புதுவீடு புகக் குறித்த நல்ல நேரம் பெரும்பாலும் விடியற்காலையில் அமைகிறது. பல இடங்களில் குடியிருப்போர் சங்கத்தின் விதியோ காலை ஒன்பதுக்கு மேல்தான் லிஃப்டில் சாமான் ஏற்றலாம் என்கிறது. வாட்ச்மேனிடம் வாக்குவாதம், குறுகிய தெருவில் மினி லாரி, பின்னால் பள்ளி வேன், லிஃப்டில் பீரோ, நாலாவது மாடியில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய முதியவர்.

இந்த மோதல் தேவையே இல்லை. மரபு நல்ல நேரத்தில் கேட்பது பால் காய்ச்சுவதைத்தான். அதற்கு வேண்டியவை விளக்கு, சாமி படம், நிறைகுடம், உப்பு, மஞ்சள், அரிசி. எல்லாம் நாலு பேர் கையில் அடங்கும், படியேறியே கொண்டுபோகலாம். பீரோவுக்கும் வாஷிங் மெஷினுக்கும் எந்தப் பஞ்சாங்கமும் முகூர்த்தம் கேட்கவில்லை. அவை சங்கம் சொல்லும் நேரத்தில் வரட்டும்.

ஜோசியரிடம் நாள் குறித்த கையோடு சங்கச் செயலாளரிடமும் பேசிவிடுங்கள். லாரி எங்கே நிற்கும், எத்தனை மணிக்குப் போகும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டுங்கள். லிஃப்ட் சுவரில் கீறல் விழாமல் அட்டையோ போர்வையோ கட்டச் சொல்லுங்கள். எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, "நாளைக்குக் கொஞ்சம் தொந்தரவு இருக்கும்" என்று நேரிலேயே சொல்லிவிட்டு வாருங்கள்.