ஒரே டவர், இரண்டு விலை

அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமத்தில் மடியில் பட்டன் போனோடு திண்ணையில் காத்திருக்கும் ஒரு தாயை நினைத்துக்கொள்ளலாம். மூத்தவன் திருப்பூரில், இளையவன் சிங்கப்பூரில். இருவர் குரலும் ஊர்க்கோடியில் நிற்கும் அதே டவரில் இறங்கித்தான் அவர் காதுக்கு வரவேண்டும். அப்படி இறக்கிவிடுவதற்காக அழைப்பவரின் நிறுவனம் தாயின் நிறுவனத்துக்குத் தரும் கூலி மூத்தவன் அழைப்புக்குக் கிடையாது. இளையவன் அழைப்புக்கு நிமிடத்துக்கு 35 முதல் 65 பைசா வரை வாங்கலாம் என்று 2020 மே முதல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அனுமதித்தது.

ஒரே வேலைக்கு இரண்டு விலை நியாயமா?

உள்நாட்டுக் கூலி 2009-ல் 20 பைசா, 2015-ல் 14, 2017 அக்டோபரில் 6, 2021 ஜனவரி முதல் ஒன்றுமில்லை. இதில் குறைந்தது செலவு மட்டுமல்ல, எதைச் செலவென்று எண்ணுவது என்பதும் மாறியது. டவர் ஏற்கெனவே நிற்கிறது, கூடுதலாக வரும் அழைப்புக்கு ஆவதை மட்டும் எண்ணு என்றால் சில பைசாதான். நட்ட முதலிலும் டீசலிலும் வாடகையிலும் பங்கு போட்டால் விலை ஏறும். இரண்டுமே சரியான கணக்குதான். எதை எடுப்பது என்பது யார் சுமப்பது என்ற கேள்வி. அது அறம் சார்ந்தது; ஆணையமோ அதற்குக் கணக்கின் உடையை மாட்டிவிடுகிறது.

வெளிநாட்டு அழைப்பில் அந்த உடையும் கழன்றுவிடுகிறது. அங்கே சொல்லப்படுவது அந்நியச் செலாவணியும், பிற நாட்டு நிறுவனங்கள் நம்மிடம் வாங்கும் விலையும். நல்ல காரணங்களாகவே இருக்கட்டும், அவை செலவுக் கணக்கு அல்ல.

அறந்தாங்கி இருக்கும் புதுக்கோட்டை மண்ணுக்கு வழிக்கூலி பழைய சங்கதி. சோழநாட்டுக்கும் பாண்டியநாட்டுக்கும் இடைவழியிலிருந்த கொடும்பாளூரில் மணிக்கிராமத்து வணிகர்கள் தழைத்திருந்தார்கள். 1070-ல் பட்டமேறிய முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர். அவன் விட்டுக்கொடுத்தது தன் கருவூலத்துக்கு வரவேண்டிய பணத்தை. ஆணையம் விட்டுக்கொடுத்ததோ ஒரு நிறுவனத்துக்கு வரவேண்டியதை. மிச்சப்பட்டது இன்னொரு நிறுவனத்துக்கு.

அழைப்புகள் இருபுறமும் சமமாக ஓடினால் இதனால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் ஏழைகள் அதிகம் கூப்பிடுவதில்லை. மிஸ்டு கால் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அவர்களை அதிகம் வைத்திருந்த நிறுவனங்களுக்கு வரும் அழைப்புதான் வருமானம். அந்தச் சமநிலை வராததால்தான் 2020-லேயே வரவேண்டிய சுழியம் ஓராண்டு தள்ளிப்போனது. அதற்கு முன்பே, 2019 அக்டோபரில், பிற நிறுவன எண்களை அழைத்தால் நிமிடத்துக்கு 6 பைசா என்று ஜியோ தன் வாடிக்கையாளர்களிடம் வாங்கத் தொடங்கியிருந்தது.

இளையவன் வாட்ஸ்அப்பில் பேசினால் அந்த இறக்குகூலி கிடையாது. அதற்குத் தாயின் கையில் ஸ்மார்ட்போன் வேண்டும். பட்டன் போனைத் தேடிவரும் குரலுக்கு மட்டும் கூலி நிற்கிறது.